ஆளைப் பார்த்தே குற்றவாளி என்று சொல்ல முடியுமா?

(ஆம்பூரில் நடந்த நமது கட்சியின் அரசியல் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பஸ்ஸில் போகும்போதாவது முழுசாகப் படித்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் அனுப்புங்கள்.)



நம்ம ஊரில் ஒரு வேலை உண்டு. பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கியதும் அனுபவம் உள்ள ஒருத்தர் அதை விரித்துப் போட்டுத் தடவிப் பார்ப்பார். உண்ணி கடித்த இடம் எது, முள் கிழித்த கீறல் எது, உப்பு சரியாகப் பிடித்திருக்கா, எல்லாம் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். இது முதல் தரம், அது மூணாம் தரம் என்று ஒதுக்கி வைப்பார். பெரிய திறமை அது. ஆனா அவரால் ஏன் அப்படிச் சொல்ல முடியுது? ஆடு செத்துப்போச்சு. அந்தத் தோல் இனிமேல் எதையும் செய்யப் போவதில்லை.

உயிரோடு இருக்கிற மனுஷனை இப்படி மேலோட்டமாகப் பார்த்துத் தரம் பிரிக்க முடியுமா? 'முடியும்' என்று 150 வருஷமாகச் சிலர் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அவர்களில் டாக்டர்கள் உண்டு, போலீஸ் அதிகாரிகள் உண்டு, சட்டம் போட்டவர்கள் உண்டு. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஷூ கம்பெனியில் ஓவர்டைம் முடித்து ராத்திரி பைக்கில் வீட்டுக்குப் போகிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முடியில் கொஞ்சம் கலர் அடித்திருப்பான். கையில் பச்சை குத்தியிருப்பான். இப்போ இந்தத் தோற்றத்துக்கு 'புள்ளிங்கோ' என்று பேரே வைத்துவிட்டார்கள். வாகனச் சோதனையில் அவனை நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் கேட்டால் சரி, கேட்க வேண்டியதுதான். அடுத்த கேள்வி என்ன வருது? 'எந்த ஏரியா? அப்பா பேர் என்ன?' இந்த இரண்டு கேள்விக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏரியா பேரைச் சொன்னால் சாதி தெரிஞ்சிடும், அப்பா பேரைச் சொன்னால் மதம் தெரிஞ்சிடும். கடைசியில் செல்போனை எடுத்து ஒரு போட்டோ. அந்தப் போட்டோ எங்கே போகுது என்று அந்தப் பையனுக்கும் தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

இத்தாலியில் செசாரே லொம்ப்ரோசோ என்று ஒரு டாக்டர். ஒரு கொள்ளைக்காரனின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது பின்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்ததாம். கீழ்நிலை விலங்குகளுக்கு இருக்கிற மாதிரி இருக்கே என்று அவருக்குத் தோன்றியது. 1876ல் புத்தகம் போட்டுவிட்டார். குற்றவாளி உருவாவதில்லை, பிறக்கிறான் என்பது அவர் கட்சி. பெரிய தாடை, துருத்திய காது, சரிந்த நெற்றி எல்லாம் அதற்கு அடையாளம். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் அதுவும் அடையாளம். நம்ம பாட்டிமார் கையைப் பார்த்திருந்தால் அந்த மனுஷன் என்ன எழுதியிருப்பாரோ! அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்து பச்சை குத்திவிட்டவர்கள் குறவர் சமூகத்துப் பெண்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று பிறகு வருகிறேன்.

இதில் வேதனை என்னன்னா, லொம்ப்ரோசோவின் புத்தகம் வருவதற்கு 5 வருஷம் முன்னாடியே இந்தியாவில் அந்த யோசனை சட்டமாகிவிட்டது. 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். அதற்கு மன்றத்தில் வைத்த வாதத்தைக் கவனியுங்கள். இந்த நாட்டில் தொழில் சாதி வழியாக வருது. நெசவாளி மகன் நெய்கிறான், தச்சன் மகன் மரம் அறுக்கிறான். அப்படியானால் திருட்டுக்கும் பரம்பரை இருக்கத்தானே வேண்டும்?

தோல் ஊர்க்காரர்களான நமக்கு இந்த வாதம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? செருப்புத் தைத்தவன் பிள்ளை செருப்புத்தான் தைக்கணும் என்று சொன்ன அதே வாய்தான் திருடன் பிள்ளை திருடன் என்றும் சொல்லுது. இரத்தத்தில் தொழில் ஓடுகிறது என்று நம்புகிறவனுக்கு இரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்று நம்புவது பெரிய விஷயமே இல்லை. வெள்ளைக்காரன் சாதியிலிருந்து கடன் வாங்கினான், அதற்கு விஞ்ஞானம் என்று பேர் வைத்தான். தோல் வேலை செய்கிற கையைத் தீட்டு என்று ஒதுக்கினார்களே, அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே நோட்டில் எழுதியது.

முதலில் வட இந்தியாவில் இருந்த இந்தச் சட்டம், 1911ல் திருத்தி எழுதிய பிறகு நம்ம சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தமிழில் நாம் ரேகைச் சட்டம், கைரேகைச் சட்டம் என்று சொல்வது இதைத்தான். ஒரு சமூகத்தின் பேரை அரசாங்கம் அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர்கள் போய் ரேகை பதியணும். வேறு ஊருக்குப் போகச் சீட்டு வாங்கணும். ராத்திரியில் அதிகாரி கண்ணில் படுகிற இடத்தில் படுக்கணும். திருடினாயா என்று யாரும் கேட்கவில்லை. பிறந்தாயா என்று மட்டும் கேட்டார்கள். அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போக முடியாது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று பிரமலைக் கள்ளர் சமூக மக்கள் நின்றார்கள். போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள், ஒரு பெண்ணும் அதில் சேர்த்தி. அதே 1920ல்தான் கைதிகள் அடையாளச் சட்டம் என்று இன்னொரு சட்டமும் வந்தது. கைதானவர்களின் விரல் ரேகையும் அளவும் எடுப்பதற்கு. இந்த வருஷத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீசுக்குப் பாடப்புத்தகங்களும் எழுதினார்கள். மல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்புகள்' பற்றி 1892ல் ஒரு புத்தகம் போட்டார். எந்தச் சமூகம் எப்படித் திருடும், எப்படி வேஷம் போடும் என்று பூனை, நாய் இனங்களை எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார். சென்னை மியூசியத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு ஊர் ஊராகப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909ல் 7 தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள் பற்றிய புத்தகத்தை இன்றைக்கும் பெருமையாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் போலீஸ்காரர்களுக்கும் உடல் அளவு எடுப்பது பற்றி வகுப்பு எடுத்தார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

குறவர் மக்களைப் பிடித்துக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். இப்போ ஆந்திராவில் இருக்கிற ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவானது. சால்வேஷன் ஆர்மியிடம் பொறுப்பு கொடுத்தார்கள். உப்பும் தானியமும் கொண்டுபோய் ஊர் ஊராக வியாபாரம் செய்த ஜனங்கள் அவர்கள். ரயில் வந்தது, உப்புச் சட்டம் வந்தது, காட்டுச் சட்டம் வந்தது, பிழைப்பு போனது. பிழைப்பைப் பிடுங்கியவன் 'ஊர் சுத்துறான், அதனால் திருடன்' என்று எழுதிவைத்தான். அப்புறம் அந்தக் குடியிருப்பு ஆட்களையே சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினான். வெளியே போனால் ஜெயில், அதனால் கூலி பேச வழியில்லை. தொழிற்சங்கம் வைத்திருக்கிற நமக்கு அந்தச் சட்டம் எதற்குப் பயன்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

சரி, லொம்ப்ரோசோ சொன்னது உண்மையா என்று யாராவது சோதித்தார்களா? சோதித்தார்கள். சார்ல்ஸ் கோரிங் என்ற ஆங்கிலேய ஜெயில் டாக்டர் சுமார் 3,000 கைதிகளை அளந்தார். கல்லூரி மாணவர்கள், பட்டாளத்துக்காரர்கள் அளவோடு ஒப்பிட்டார். 1913ல் முடிவை வெளியிட்டார். குற்றவாளி முகம், குற்றவாளி உடம்பு என்று ஒன்று கிடையாது.

அதோடு விட்டார்களா? மண்டையோடு போனது, குரோமோசோம் வந்தது. 1965ல் ஸ்காட்லாந்தில் ஒரு காவல் மருத்துவமனையில் ஒய் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருப்பதாகக் கண்டார்கள். உடனே 'கொலைகார குரோமோசோம்' என்று பத்திரிகைகள் கிளம்பிவிட்டன. சிகாகோவில் 8 நர்சுகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கு அது இருக்கு என்று எழுதினார்கள். சோதித்தால், அவனுக்கு எல்லா ஆண்களுக்கும் இருக்கிற சாதாரண குரோமோசோம்தான். 1976ல் டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான ஆண்களை வைத்து ஆய்வு செய்தபோது, கூடுதல் ஒய் உள்ளவர்கள் வன்முறையாளர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிறகு ஜீன். 1993ல் நெதர்லாந்தில் ஒரே குடும்பத்து ஆண்கள் சிலரிடம் ஒரு ஜீன் வேலை செய்யாததைக் கண்டுபிடித்தார்கள். மிக மிக அபூர்வமான நிலை அது. 2002ல் நியூசிலாந்தில் சின்ன வயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்த ஆட்களை வைத்து அதே ஜீனைப் பார்த்தார்கள். அந்த ஜீன் மட்டும் இருந்தால் பெரிய வித்தியாசமில்லை. சின்ன வயதில் அடியும் கொடுமையும் சேர்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது என்றார்கள். உடம்புக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலையில் அடிபட்டால் குணம் மாறும், குடித்தால் மாறும், அது நமக்கே தெரியும். ஆனால் அதை வைத்து ஒரு ஆளை, அதைவிட மோசமாக ஒரு தெருவை, முன்கூட்டியே குற்றவாளி ஆக்க எந்த ஆராய்ச்சியும் அனுமதி தரவில்லை.

இங்கே உங்களில் ஒரு தோழர் கேட்பார்: 'அண்ணே, அப்போ குற்றமே நடக்கலையா? விடியற்காலையில் வேலைக்குப் போன அக்கா கழுத்திலிருந்து தாலிச் செயினை அறுத்துட்டுப் போனானே, அவளுக்கு என்ன பதில்?' நியாயமான கேள்வி. அந்த அக்காவுக்குத்தான் முதலில் பதில் சொல்லணும். அதனால் லண்டனில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

1992ல் ஒரு பூங்காவில், சின்ன மகன் கண் எதிரில் ரேச்சல் நிக்கெல் என்ற இளம் தாயைக் குத்திக் கொன்றார்கள். போலீஸ் ஒரு மனோதத்துவ நிபுணரைக் கூப்பிட்டது. கொலைகாரன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான், என்ன ஆசைகள் இருக்கும் என்று அவர் ஒரு சித்திரம் போட்டுக் கொடுத்தார். குற்றவாளி விவரணை என்று இதற்குப் பேர், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பிரபலமாக்கிய முறை, சினிமாவில் நிறையப் பார்த்திருப்பீர்கள். காலின் ஸ்டாக் என்ற தனிமை விரும்பி அந்தச் சித்திரத்துக்குப் பொருந்தினார். ஒரு பெண் போலீசைக் காதலி மாதிரி பழகவிட்டு மாசக்கணக்கில் வலை விரித்தார்கள். 1994ல் நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். 2008ல் டி.என்.ஏ. ஆதாரத்தில் சிக்கிய ராபர்ட் நாப்பர் என்பவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். போலீஸ் ஸ்டாக் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், 1993 நவம்பரில், நாப்பர் இன்னொரு தாயையும் அவளுடைய 4 வயது மகளையும் கொன்றிருந்தான்.

அக்காவுக்கான பதில் இதில் இருக்கு. பொருந்துகிற ஆளைப் பிடித்து அடைக்கும் ஒவ்வொரு நாளும், நிஜத் திருடனுக்குக் கிடைக்கிற லீவு நாள்.

உடம்பை வைத்து விசாரணையே கூடாதா என்றால், கூடும். இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இரண்டு சிறுமிகள் கொலையில் 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டதாகவே போலீஸ் வைத்திருந்தது. 1986ல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. சோதனையைச் செய்தார்கள். பையன் நிரபராதி என்று வந்தது. அந்தச் சோதனை குற்ற வழக்கில் முதலில் செய்த வேலை ஒரு அப்பாவியை விடுவித்தது. உண்மையான கொலைகாரன் பிறகுதான் சிக்கினான். கொலை நடந்த இடத்தில் கிடைத்த தடயத்தை ஒரு ஆளோடு ஒப்பிடுவது வேறு. ஆளின் உடம்பைப் பார்த்து அவன் என்ன செய்திருப்பான் என்று ஊகிப்பது வேறு. முதலாவது சாட்சி. இரண்டாவது ஜோசியம்.

நம் நாட்டிலும் ஜோசியம் நடந்தது. சந்தேக நபரின் தலையில் வயர் மாட்டி மூளை மின்னலைகளைப் பார்த்து, 'இவருக்குக் குற்றம் செய்த ஞாபகம் இருக்கு' என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். 2008ல் புனேயில் ஒரு மாணவிக்கு ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்பில் அந்த ரிப்போர்ட்டும் இடம்பிடித்தது. 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், நார்கோ ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளைச் சோதனை எதையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று சொன்னது.

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். 1993ல் இன்றைய கடலூர் மாவட்டத்தில், நகைத் திருட்டு என்று சொல்லிக் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். ரேகைச் சட்டம் ஒழிந்து 46 வருஷத்துக்குப் பிறகு நடந்தது அது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 தமிழ்த் தொழிலாளிகள் செத்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனை எதை வைத்துச் செம்மரக் கடத்தல்காரன் என்று கண்டுபிடித்தார்கள்? முகமா, லுங்கியா, பேச்சா?

அதே 2015 ஜூனில் நம்ம ஆம்பூர். காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் வழக்கில் நம் ஊர் இளைஞர் ஒருவரைப் பள்ளிகொண்டா போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோனது. அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்ததால்தான் செத்தார் என்று குடும்பம் சொன்னது. அதன் பிறகு ஊரில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. பெண் காவலர்கள் உட்பட போலீஸ்காரர்கள் பலர் அடிபட்டார்கள். அந்த வன்முறையை நியாயப்படுத்த இங்கே யாரும் இல்லை. அந்தப் பெண் பிறகு உயிரோடு கிடைத்தார். இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மாகாணத்தில் 1947லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31லும் நீக்கினார்கள். அதற்காகப் போராடிய எல்லோருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சென்னை மாகாணத்தில் மறு வருஷமே, 1948ல், 'வழக்கமான குற்றவாளிகள்' கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பேர்ப் பலகை மாறியது, கடை அதேதான்.

1920ஐ மனசில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அந்தக் கைதிகள் அடையாளச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2022ல் ஒன்றிய அரசு குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 4 முதல் அமலில் இருக்கு. விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், கருவிழி, இரத்தம் மாதிரியான உயிரியல் மாதிரிகள் எல்லாம் எடுக்கலாம். கையெழுத்து உட்பட 'நடத்தைக் கூறுகள்' என்று ஒரு வார்த்தையும் அதில் இருக்கு. எடுத்ததை 75 வருஷம் வைத்திருக்கலாம். இருபது வயதுப் பையனுடைய ரேகை அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் அங்கே இருக்கும்.

விரல் ரேகை என்றதும் எனக்கு நம்ம பெரியவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியிலும் கெமிக்கலிலும் வாழ்நாள் முழுக்கக் கைவிட்டு ரேகை தேய்ந்து போனவர்கள். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் விழாது. அரிசி கொடுக்க அடையாளம் தெரியாத கைக்கு, ஸ்டேஷனில் மட்டும் 75 வருஷ அடையாளம்.

முகத்துக்கும் மெஷின் வந்துவிட்டது. தமிழ்நாடு போலீஸ் 2021லிருந்து முகம் கண்டறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியாள் புகுந்து தகவலை எடுத்துவிட்டான் என்று செய்தி வந்தது. ராத்திரி ரோட்டில் எடுத்த போட்டோ எங்கே போகுது என்று அந்த அம்மா கவலைப்படுவது வீண் பயமா, நீங்களே சொல்லுங்கள்.

நமக்குச் சாதகமாகவும் சில விஷயங்கள் இருக்கு, தெரிந்துகொள்ளுங்கள். அந்த 2022 சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவானவர் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. மற்றவர் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 'ரோட்டில் நிறுத்தப்பட்டவர்' என்ற வகையே அதில் கிடையாது. கைதானாலும், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமாகவோ 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமாகவோ இல்லாவிட்டால், இரத்தம் போன்ற மாதிரி கொடுக்கக் கட்டாயம் இல்லை. ரேகையும் போட்டோவும் அப்படியல்ல, கைதானவர் அதைத் தடுத்தால் அதுவே தனிக் குற்றம், வீணாக மாட்டிக்கொள்ளாதீர்கள். முன்பு தண்டனை இல்லாதவர் வழக்கிலிருந்து விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்ததும், நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாதவரை அந்தப் பதிவுகளை அழிக்கணும். யாரும் தானாக அழித்துவிட்டுத் தபால் போட மாட்டார்கள். நாம்தான் எழுதிக் கேட்கணும்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜெயில் விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து செய்தது. சீர்மரபினர் சமூகங்களில் பிறந்தவர்களை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கத்தைக் கண்டித்தது. அவர்களை இஷ்டத்துக்குக் கைது செய்யக்கூடாது என்று போலீசுக்கும் சொன்னது. நம்ம தொரப்பாடி சென்ட்ரல் ஜெயில் உட்பட எல்லா ஜெயிலுக்கும், எல்லா ஸ்டேஷனுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். நம் மாநிலத்தில் 68 சீர்மரபினர் சமூகங்கள் பட்டியலில் இருக்கின்றன. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் எத்தனை பேர் மீது சரித்திரப் பதிவேடு திறந்து வைத்திருக்கிறார்கள், தீர்ப்புக்குப் பிறகு எத்தனை மூடினார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தில் நாம் கேட்கப் போகிறோம். பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். 1948 சட்டத்தை அரசு நீக்கணும் என்ற கோரிக்கை மனுவும் தயாராக இருக்கு. தொழிற்சங்கக் கிளைகள் எல்லாம் கையெழுத்து வாங்கித் தரணும்.

முடி வெட்டிவிட்டு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1806ல் நம்ம வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள்? தாடியை மழி, நெற்றியில் உள்ளதை அழி, தோல் பட்டை வைத்த தொப்பியைப் போடு என்று உத்தரவு போட்டதால். ஸ்டைலா முடி வைப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அம்மா திட்டட்டும், அது வேற.

உங்கள் வீட்டில் யாரையாவது ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். பெண்கள், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், 60 வயதுக்கு மேல் உள்ளவர்கள் இவர்களைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டில் வந்துதான் கேட்கணும். கைது என்றால் காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தெரிவிக்கணும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் பயந்து உட்காராதீர்கள். இலவச சட்ட உதவி எண் 15100.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நகரக் கட்சி அலுவலகத்தில் வழக்கறிஞர் தோழர்கள் இருப்பார்கள். விடுதலை ஆன வழக்கின் தீர்ப்பு நகல் வைத்திருப்பவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். பதிவை அழிக்கச் சொல்லும் மனுவை அங்கேயே எழுதிவிடலாம்.